சைரன் பெட்டியின் நான்கு பூட்டுகள்

என் பதவிக்கு முத்திரை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தென்காசியில் ஒரு மாடி அலுவலகத்தில் இருபத்தாறு வருடங்கள் ஒருங்கிணைப்பு உதவியாளராக இருந்தேன். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் பல அலுவலகங்கள் கூடிச் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. அவர்களைக் கூடிச் செய்ய வைப்பதுதான் என் வேலை. அவர்களில் ஒருவரும் எனக்குக் கீழே இல்லை. சொல்லப்போனால் எனக்குக் கீழே யாருமே இல்லை. என் நாற்காலியின் ஒரு காலுக்குக் கீழே மட்டும் மடித்த அட்டை ஒன்று இருந்தது.

என் இடத்தில் இப்போது இருக்கும் பெனாசிர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். அலுவலகத்தில் மூன்று நாள் பயிற்சி நடந்ததாம். அதிகாரம் இல்லாமல் மற்றவர்களை எப்படி நம் பக்கம் கொண்டுவருவது என்பது தலைப்பு. வெளியூரிலிருந்து வந்தவர் திரையில் வட்டம் வட்டமாகப் போட்டு அம்புக்குறியால் இணைத்துக் காட்டியிருக்கிறார்.

“வட்டமெல்லாம் நல்லா புரியுது மேடம்” என்றார் பெனாசிர். “வட்டத்துக்குள்ள இருக்கிற ஆளு போனை எடுக்க மாட்டேங்காரு. அதுக்கு என்ன செய்யணும்னு அவரு சொல்லலை. நீங்க அந்தப் பூட்டு விஷயத்தை ஒருதரம் எழுதித் தாங்களேன்.”

எழுதுவது எனக்குச் சிரமமில்லை. எல்லாம் டைரியில் இருக்கிறது. நாளுக்கு ஆறு வரி. நடந்ததை நீல மையிலும், நடக்காததைச் சிவப்பு மையிலும் எழுதுவேன். சிவப்பு மைதான் சீக்கிரம் தீரும்.

முதல் நான்கு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எந்த அலுவலகத்தில் யார் எத்தனை மணிக்கு டீ குடிப்பார், யாரிடம் டீக்கு முன்னால் பேச வேண்டும், யாரிடம் பின்னால் பேச வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். மிச்சம் இருபத்திரண்டு வருடங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

என் மேலதிகாரி சங்கரலிங்கம் சார். மெலிந்த மனிதர். நாற்காலியில் வெள்ளைக் கைக்குட்டையை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவார். நான் எழுதிக் கொண்டுபோகும் கடிதத்தை முதலில் படிக்க மாட்டார், முகர்ந்து பார்ப்பார். தாளை இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மெதுவாக இழுப்பார்.

“பாத்திமாம்மா, ரெண்டாவது பத்தியில உத்தரவு வாசனை அடிக்கே.”

பார்த்தால் இரண்டாவது பத்தியில் ‘உடனடியாக அனுப்ப வேண்டும்’ என்று எழுதியிருப்பேன். ‘வசதிப்படும்போது அனுப்பினால் நன்றியுடையவர்களாக இருப்போம்’ என்று மாற்றிக்கொண்டு போனால் மறுபடி முகர்வார். ‘வசதிப்படும்போது’ என்பதிலும் லேசாக வாசனை இருக்கும். கடிதம் பெறுகிறவருக்கு வசதி இருக்கிறது என்று நாம் எப்படிச் சொல்லலாம் என்பார்.

இதற்குக் காரணம் இருந்தது. அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய கடிதம் கிடந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்துக்கு மூன்று பக்கத்தில் அறிவுரை எழுதியிருக்கிறார். பதில் ஒரே வரியில் வந்தது: ‘பார்வையில் கண்ட கடிதத்தை எழுத தாங்கள் யார்?’ அந்தக் கேள்விக்கு அவர் கடைசிவரை விடை கண்டுபிடிக்கவில்லை. தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

குற்றாலத்தில் அருவிகளுக்குப் பஞ்சமில்லை. எந்த அருவி என்று சொல்லப்போவதில்லை. அலுவலகங்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். டைரியிலும் அவற்றைப் பூட்டின் பெயரால்தான் குறித்திருக்கிறேன்.

அருவிக்குப் போகும் படிக்கட்டின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே கையால் சுற்றும் சைரன். மலைமேல் மழை கொட்டி அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், குளிப்பவர்கள் விலகி ஓட வேண்டும். மின்சாரம் போனாலும் வேலை செய்யும் என்பதால் இந்த ஏற்பாடு.

பெட்டிக்குப் பக்கத்தில் மாடசாமி அண்ணாச்சி நிற்பார். தற்காலிகக் காவலர். கழுத்தில் கயிற்றில் ஒரு விசில். தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுவார். வெள்ளத்துக்கு முன்னால் பச்சை இலைகள் வரும், அப்புறம் சத்தம் கனக்கும், அப்புறம் நிறம் மாறும். இலை வருவதற்கும் நிறம் மாறுவதற்கும் நடுவே உள்ள நேரம்தான் குளிப்பவர்களின் உயிர்.

பெட்டிக்கு முதலில் பூட்டே கிடையாது. ஒரு நாள் ஒரு குரங்கு கதவைத் திறந்து கைப்பிடியைச் சுற்றிவிட்டது. அருவியே காலியானது. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எண்ணெயோடு பேருந்து நிறுத்தம்வரை ஓடினார்கள். ‘குரங்கு சைரன் ஒலிப்பதைத் தடுக்காதது ஏன்?’ என்று மாடசாமி அண்ணாச்சிக்கு ஒரு மெமோ வந்தது.

பெட்டி நின்ற இடம் எந்த அலுவலகத்துடையதோ அவர்கள் ஒரு பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்து போட்டார்கள். இடம் அவர்களுடையது என்றால் கூட்டத்துக்குப் பொறுப்பு நாங்கள் என்று இன்னோர் அலுவலகம் பக்கத்தில் ஒரு கொண்டியைப் பற்றவைத்துக் கருப்புப் பூட்டைப் போட்டது. சைரன் வாங்கிக் கொடுத்ததே நாங்கள் என்று மூன்றாவது அலுவலகம் ஒரு நம்பர் பூட்டைப் போட்டது. நான்காவது அலுவலகத்துக்குப் பூட்டு வாங்க அனுமதி கிடைக்கவில்லை. யாரோ வீட்டிலிருந்து சூட்கேஸ் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். நான்கு கொண்டி, நான்கு பூட்டு. நான்கும் திறந்தால்தான் கதவு திறக்கும். நான்கு அலுவலகமும் ஒரே மாதிரி அறிக்கை அனுப்பின: சைரன் பாதுகாப்பாக உள்ளது.

சீசனுக்கு முன் ஒத்திகை என்று ஒன்று வைக்கச் சொல்லி, நன்றியுடையவர்களாக இருப்போம் என்று முடியும் கடிதம் எழுதி எல்லோரையும் வரவழைத்தோம். அன்றைய பக்கம் முழுக்க எனக்குச் சிவப்பு மை.

பத்து மணிக்குப் பித்தளைப் பூட்டின் சாவி வந்தது. கருப்புப் பூட்டின் சாவி அந்த அலுவலக மேடத்தின் கைப்பையில் இருந்தது, கைப்பை மேடத்தோடு செங்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தது. செங்கோட்டை பஸ் கண்டக்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். நம்பர் பூட்டின் அதிகாரி சிவகிரிக்கு மாறிப்போயிருந்தார், நம்பரும் அவரோடு போய்விட்டது. போனில் ஒரு நம்பர் சொன்னார், திறக்கவில்லை. அரைமணி கழித்து அவரே கூப்பிட்டு, முதலில் சொன்னது மகனுடைய சைக்கிள் பூட்டு நம்பர் என்றார். சூட்கேஸ் பூட்டுக்குச் சாவியே கிடையாது. அந்த அலுவலகத்திலிருந்து வந்தவர் என் முந்தானை ஊக்கை இரவல் கேட்டார்.

ஒன்றேகால் மணிக்கு மாடசாமி அண்ணாச்சி கைப்பிடியைச் சுற்றினார். நல்ல சத்தம். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. ஈரத்துண்டோடு வந்த ஒருவர், “சாப்பாட்டு நேரம்னு சொல்லுதீகளா?” என்று கேட்டார்.

“இல்ல சார்” என்றார் மாடசாமி அண்ணாச்சி. “பத்து மணிக்கு வந்த வெள்ளம் போயாச்சுன்னு சொல்லுதோம்.”

இரண்டு வாரத்தில் வெள்ளம் நிஜமாகவே வந்தது. இலையைப் பார்த்ததும் அண்ணாச்சி விசில் ஊதியிருக்கிறார். அருவிச் சத்தத்தில் விசில் பத்தடிக்கு மேல் கேட்காது. தண்ணீருக்குள் இறங்கி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். கடைசி ஆள் வெளியே வருமுன் ஒரு மரத்துண்டு வந்து அந்த ஆளின் காலில் அடித்தது. எலும்பு முறிவு. உயிர் தப்பியது.

இரண்டாவது மெமோ வந்தது. ‘வெள்ளத்தின்போது சைரனை ஒலிக்காதது ஏன்?’

மாடசாமி அண்ணாச்சி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தார். படியேறி வந்த மூச்சு அடங்கவில்லை.

“மேடம், குரங்கு சுத்துனதுக்கு ஒரு மெமோ, நான் சுத்தாததுக்கு ஒரு மெமோ. மூணாவது வந்தா ஆளை எடுத்திருவாவளாம். நான் சுத்தணுமா, சுத்தக் கூடாதா, அதை மட்டும் எழுத்துல வாங்கித் தந்திருங்க.”

“அப்படி எழுத எனக்கு அதிகாரம் இல்லையே அண்ணாச்சி.”

“பின்ன யாருக்கு இருக்கு?”

நான் சங்கரலிங்கம் சாரைப் பார்த்தேன். அவர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, “பாத்துக்கிடுங்க” என்றார். அவர் ஒரு வேலையை ஒப்படைக்கும் விதம் அதுதான்.

அன்றிரவே யோசித்து வழி கண்டுபிடித்தேன் என்று எழுத ஆசை. நடந்தது அப்படியில்லை. மறுநாள் ஒரு நிலக்கடலை வண்டியைச் சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்ததைப் பார்த்தேன். வண்டிக்காரரிடம் ஒரு சாவி, அவர் தம்பியிடம் ஒரு சாவி. பூட்டோடு பூட்டு கோத்திருந்தது. இரண்டில் எதைத் திறந்தாலும் சங்கிலி அவிழும். நான்கு கொண்டியையும் விட்டுவிட்டு, பெட்டியின் இடுப்பைச் சுற்றி ஒரு சங்கிலி போட்டு, அதன் இரண்டு முனையையும் நான்கு பூட்டுகளால் ஒன்றோடொன்று கோத்துவிட்டால் ஏதாவது ஒரு பூட்டு திறந்தால் போதும். யாரும் தன் பூட்டை எடுக்க வேண்டியதில்லை. இடம் மாற்றினால் போதும்.

இதைப் போய்ச் சொல்லும்போது எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். முதல் தடவை போகும்போது கையில் காகிதம் இருக்கக் கூடாது. இரண்டாவது தடவை காகிதம் இருக்கலாம், ஆனால் பைக்குள். மூன்றாவது தடவை அவரே, ‘அந்தக் காகிதத்தைக் கொண்டாந்தீயளா?’ என்று கேட்பார். கேட்கவில்லையென்றால் நான்காவது தடவை.

சூட்கேஸ் பூட்டு அலுவலகம் இரண்டாம் தடவையிலேயே சம்மதித்தது. மற்ற மூன்று பூட்டோடு தங்கள் பூட்டும் சமமாகத் தொங்கும் என்பதில் அவர்களுக்குக் கண் கலங்காத குறை. நம்பர் பூட்டு அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர், தன் பூட்டின் நம்பரை இதுவரை தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டார். என் டைரியைப் பார்த்துச் சொன்னேன். அவர் எழுந்து நின்று நன்றி சொன்னார். கருப்புப் பூட்டு மேடம், “பித்தளைக்காரர் சம்மதிச்சுட்டாரா?” என்று மட்டும் கேட்டார்.

பித்தளைப் பூட்டின் அதிகாரி ஈஸ்வரமூர்த்தி சார். மாடசாமி அண்ணாச்சிக்கு மெமோ கொடுப்பவரும் அவரே. கெட்ட மனிதர் அல்ல. என்னை எப்போதும் உட்காரச் சொல்வார், மின்விசிறியை என் பக்கம் திருப்புவார். மூன்றாம் தடவை போனபோது காகிதத்தைக் கேட்டார். அங்கேதான் நான் பிழை செய்தேன். அவருக்குச் சுலபமாகப் புரியட்டும் என்று பூட்டுகளைப் படமாக வரைந்து வைத்திருந்தேன். ஸ்கேல் வைத்து, பித்தளைப் பூட்டுக்கு மஞ்சள் வண்ணமும் தீட்டி.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“நம்ம பூட்டு எங்கன இருக்கு?”

“இதோ சார், மஞ்சள்.”

“அது எதுல மாட்டியிருக்கு?”

“கருப்புப் பூட்டுல சார்.”

“அப்ப நம்ம பூட்டு அந்தம்மா பூட்டுல தொங்குதுன்னு சொல்லுதீய.”

“அவங்க பூட்டும் உங்க பூட்டுலதான் சார் தொங்குது. ஒண்ணோட ஒண்ணு.”

“படத்துல மேல இருக்கிறது அவுக, கீழ இருக்கிறது நாம. எடம் நம்ம எடம். பெட்டி நிக்கது நம்ம எடத்துல. நம்ம பூட்டு போயி இன்னொருத்தர் பூட்டுல தொங்குமா?” காகிதத்தை மடித்து மரியாதையாகத் திருப்பித் தந்தார். “டீ குடிச்சுட்டுப் போங்க.”

காகிதத்தைக் குறுக்காகப் பிடித்திருந்தால் மேலும் கீழும் இருந்திருக்காது. ஆறு வாரம் அதனால் வீணானது. படத்தைப் படுக்கவைத்து வரைந்து கொண்டுபோனேன். இடது பக்கம் யார் என்று கேட்டார். ஓரங்களில் இருக்கும் இரண்டு பூட்டுக்காவது சங்கிலியின் பிடி உண்டு, நடுவில் இருப்பவை வெறும் பூட்டைப் பிடித்துத் தொங்குகின்றன என்றும் கண்டுபிடித்தார். அது உண்மைதான். அவரை ஓரத்துக்கு மாற்றினேன். உடனே நடுவுக்குப் போன கருப்புப் பூட்டு மேடம் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தேன். அதில் நான்கு பேருமே அட்மின், நான் மட்டும் சாதாரண உறுப்பினர். அதில் ஒரு வாரம் காலை வணக்கப் படங்கள்கூட வரவில்லை.

சீசன் நடந்துகொண்டிருந்தது. சாரல் விழும் ஒவ்வொரு நாளும் மாடசாமி அண்ணாச்சி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியில் நான்கு பூட்டும் அப்படியே இருந்தன.

கடைசியில் நான்கு பேரையும் நேரில் உட்காரவைப்பது என்று சங்கரலிங்கம் சார் முடிவு செய்தார். ஆனால் எங்கள் கூட்ட மேஜை நீளமானது.

“நீள மேஜைக்குத் தலை உண்டும்மா. தலைப்பக்கம் யாரு உக்காருவா? கூட்டம் அங்கயே முடிஞ்சிரும்.”

தென்காசியில் ஒரு பிரியாணிக் கடையில் வட்ட மேஜை இருந்தது. சார் தானே போய்க் கேட்டு, தள்ளுவண்டியில் ஏற்றி, நான்கு பேர் பிடித்து மாடிக்குக் கொண்டுவந்தோம். எத்தனை துடைத்தும் பிரியாணி மணம் போகவில்லை. சார் மேஜைக்குக் குனிந்து முகர்ந்தார். “இருக்கட்டும். உத்தரவு வாசனை இல்ல” என்றார்.

அந்த மேஜையைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. ஒரு நாற்காலிக்கும் அடுத்த நாற்காலிக்கும் நடுவே மேஜைதான் இருக்கிறது. யாரும் யார்மேலும் உட்காரவில்லை. சங்கிலி ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? நான்கு துண்டாக வெட்டி, துண்டுக்குத் துண்டு நடுவே ஒரு பூட்டு வைத்தால் ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு பக்கமும் சங்கிலி. எந்தப் பூட்டும் எந்தப் பூட்டையும் தொடாது. வட்டத்துக்கு ஓரமும் கிடையாது, நடுவும் கிடையாது. எதைத் திறந்தாலும் வட்டம் விட்டுப்போகும்.

கடைவீதிக்கு ஓடி மாட்டுச் சங்கிலி வாங்கி நான்காக வெட்டிக்கொண்டு வந்தேன். கூட்டம் தொடங்கியதும் மேஜையில் வட்டமாகப் பரப்பினேன். பெட்டி நேரில் நின்றால் நல்லது என்று சங்கரலிங்கம் சார் ஒரு பிஸ்கட் டப்பாவை நடுவில் வைத்தார்.

ஈஸ்வரமூர்த்தி சார் எழுந்து மேஜையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். எங்கேயிருந்து பார்த்தாலும் தன் பூட்டு தனக்கு முன்னால் வரும்படி நிற்க முடியும் என்பதைக் கண்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணிகளை எண்ணினார்.

“இதுல பதினொண்ணு. இதுல பதினொண்ணு. இதுல பன்னெண்டு இருக்கே?”

பன்னிரண்டு கண்ணித் துண்டு கருப்புப் பூட்டின் வலது பக்கம் இருந்தது.

“அது உங்களுக்கும் எனக்கும் நடுவுலதான் சார் இருக்கு. ரெண்டு பேருக்கும் பொதுதானே” என்றார் மேடம்.

“பொதுன்னா பாதி பாதியா? ஒரு கண்ணியை எப்படி மேடம் பாதியாக்குவீய?”

இரும்பு அறுக்கும் பிளேடு வரவழைத்தோம். மாடசாமி அண்ணாச்சி ஒரு கண்ணியை அறுத்து எடுத்தார். நான்கு அதிகாரிகளும் சுற்றி நின்று பார்த்தார்கள். அறுத்த கண்ணியை யாரும் வைத்துக்கொள்ள முன்வராததால் சங்கரலிங்கம் சார் அதைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கடிதத்தின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு கண்ணாடி ஒரு பக்கமாகத் தூக்கியே இருந்தது.

மறுநாள் காலை அருவிக்கரைக்குப் போனோம். பழைய கொண்டிகளிலிருந்து நான்கு பூட்டும் கழன்றன. சங்கிலித் துண்டுகளைப் பெட்டியின் இடுப்பில் சுற்றினோம். ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு மூலையில் நின்றார்கள். யாரும் பூட்டவில்லை. முதலில் பூட்டுபவர் மற்றவர்களை ஆரம்பித்து வைத்தவராகிவிடுவார். ஒரே நேரத்தில் பூட்டலாம் என்றேன். சரி, ஒன்று இரண்டு மூன்று என்று யார் எண்ணுவது? எண்ணுகிறவர் சொல்லித்தானே மற்றவர்கள் பூட்டுகிறார்கள்? சங்கரலிங்கம் சார் என்னைப் பார்த்தார். எனக்கு மூன்று வரை எண்ணும் அதிகாரம் இல்லை. சாரல் பலமாக விழத் தொடங்கியது. நான்கு அதிகாரிகளும் நனைந்துகொண்டே நின்றார்கள்.

தடுப்புக் கம்பியைத் தாண்டி ஒருவர் வழுக்குப் பாறைப் பக்கம் போவதைப் பார்த்து மாடசாமி அண்ணாச்சி விசில் ஊதினார்.

நான்கு பூட்டும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன.

அவர் திரும்பிப் பார்த்துத் திகைத்து நின்றார். “நான் அந்த ஆளுக்குல்லா ஊதுனேன்” என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நம்பர் பூட்டு அதிகாரி போகும்போது அவரைத் தனியே கூப்பிட்டு, ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி தன் நம்பரைக் காதில் சொல்லிவிட்டுப் போனார். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். டைரியில் நீல மையில் எழுதினேன்.

அந்தச் சீசன் முடிவதற்குள் வெள்ளம் வந்தது. மதியம் மூன்று மணி. இலை வந்ததும் அண்ணாச்சி நம்பரைத் திருப்பியிருக்கிறார், சங்கிலி காலடியில் விழுந்திருக்கிறது. சைரன் அடித்து முடிக்குமுன் அருவி காலி. அடுத்த நிமிடம் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியதாம், அடிமரமே ஒன்று விழுந்ததாம். போனவை சில செருப்புகள், ஒரு பிளாஸ்டிக் மக், ஓர் எண்ணெய்ப் பாட்டில். ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நான்காம் நாள் ஈஸ்வரமூர்த்தி சாருக்கு அவருடைய மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ‘யாருடைய உத்தரவின் பேரில் சைரன் ஒலிக்கப்பட்டது?’ உத்தரவு இல்லையென்றால் காவலர்மேல் நடவடிக்கை. அதாவது மூன்றாவது மெமோ.

“நான் உத்தரவு போடலையே மேடம்” என்றார் அவர். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். மின்விசிறி என் பக்கம்தான் இருந்தது. “இல்லாததை எப்படி எழுத?”

நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. வெளியே வந்து பேருந்து ஏறி நம்பர் பூட்டு அலுவலகத்துக்குப் போனேன். எந்தப் பூட்டு திறந்தது என்று மட்டும் சொன்னேன்.

“நம்ம பூட்டா?” என்று நிமிர்ந்தார். “அவசரத்துக்குத் திறங்கன்னுதானே நான் அவர்கிட்ட நம்பரே சொன்னேன். அது உத்தரவு இல்லாம வேற என்ன?” அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தித் தந்தார்.

பிரதியை ஈஸ்வரமூர்த்தி சாரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“நம்ம எடம். நம்ம ஆளு. அவரு உத்தரவா?”

“அவர் அப்படித்தான் சார் எழுதியிருக்காரு.”

“மாடசாமிக்கு மெமோ குடுக்கப்பவே, ஏன் சைரன் அடிக்கலைன்னு நான் கேட்டேனா இல்லியா? அப்படின்னா இனிமே அடின்னுதானே அர்த்தம்? அவரு நம்பர் சொல்லுததுக்கு முந்தியே நான் சொல்லியாச்சு.” பேனாவை எடுத்தார். “எழுத்து மூலமா.”

இப்படியாக, அண்ணாச்சியின் வேலைக்கு உலை வைக்கவிருந்த இரண்டாவது மெமோவே அவரைக் காப்பாற்றும் உத்தரவானது. மாலைக்குள் கருப்புப் பூட்டு மேடமும் சூட்கேஸ் பூட்டுக்காரரும் தங்கள் தங்கள் உத்தரவுகளை அனுப்பிவிட்டார்கள். ஒரு சைரனுக்கு நான்கு உத்தரவு. சங்கரலிங்கம் சார் நான்கையும் முகர்ந்து பார்த்துவிட்டு, கோப்பில் வைக்குமுன் ஜன்னலைத் திறந்துவிட்டார். மேலிடம் கோப்பை முடித்துவிட்டது.

அதன்பிறகு பல சீசன்கள் போயின. மற்றவர்களுடைய அலுவலகப் படிகளை ஏறி இறங்கியதில் என் முழங்கால் தேய்ந்தது. ஐம்பத்து நான்காம் வயதில் விருப்ப ஓய்வு கேட்டேன். கடைசி நாளில் நான்கு அலுவலகமும் சேர்ந்து விழா எடுத்தன. அந்த வட்ட மேஜை மறுபடி மாடியேறியது. சால்வை போர்த்தினார்கள். வெல்வெட் டப்பா ஒன்றில் இரண்டு சாவிகளைத் தந்தார்கள். என்னைக் கௌரவிக்க ஐந்தாவதாக ஒரு பூட்டு வாங்கிப் பெட்டியில் போட்டிருப்பதாக ஈஸ்வரமூர்த்தி சார் பேசும்போது சொன்னார். நானும் கைதட்டினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டிருந்தது.

“மேடம்” என்றார் மாடசாமி அண்ணாச்சி. “மழைக்கு முந்தி எண்ணெய் போடலாம்னு பெட்டியைத் தொறக்கப் போனேன். சங்கிலி அவுந்துட்டு. கதவு தொறக்க மாட்டேங்கு.”

“ஏன்?”

“ஒங்க பூட்டு தொங்குது.”

“எங்கன?”

“பழைய கொண்டியில. நேரா கதவுலயே போட்டிருக்காவ.”

ஈஸ்வரமூர்த்தி சாரைக் கூப்பிட்டேன். “ஒங்க பூட்டைக் கொண்டுபோயி மத்த பூட்டுகளோட சங்கிலியில மாட்டுனா மரியாதையா இருக்குமா மேடம்? நாங்க நாலு பேரும் ஒருமனசா முடிவு பண்ணி எடுத்த எடம் அது” என்றார். அவர்கள் நான்கு பேரும் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு.

நான் வெல்வெட் டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினேன். ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே போனேன். இருபத்தாறு வருடத்தில் அன்றைக்குத்தான் பஸ் மெதுவாகப் போவதுபோல் இருந்தது. இறங்கும்போது சாரல். அண்ணாச்சி பெட்டியருகே நின்று, பெட்டியைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திறந்து, எண்ணெய் போட்டு, மூடினோம். பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்தான். அது நான்கு பேர் தந்த மரியாதையைக் கழற்றுவதாகிவிடும். சங்கிலியில் மாற்றிப் போடலாமென்றால் ஐந்தாவது துண்டு வேண்டும், கண்ணி எண்ண வேண்டும், கூட்டம் போட வேண்டும். வானம் அத்தனை நேரம் தரும்போலத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது என் பூட்டு. இதன் சாவியை யாரிடம் கொடுப்பதென்று நான் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை, டீ நேரம் பார்க்க வேண்டியதில்லை, மூன்று தடவை போக வேண்டியதில்லை.

இரண்டு சாவியையும் மாடசாமி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். சங்கிலியை அவிழ்க்கும் நம்பர் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு சாவியை விசில் கயிற்றில் முடிந்துகொண்டார், இன்னொன்றைச் சட்டையின் உள்பையில் வைத்தார். பிறகு தயங்கினார்.

“மேடம், தப்பா நெனைக்காதீய. நாளைக்கு ஒருத்தர் கேப்பாவ. எழுத்துல ஒண்ணு தருவீகளா?”

டைரியில் ஒரு தாளைத் திருப்பி, பெட்டியின்மேல் வைத்து எழுதினேன். ‘அருவியில் இலை கண்டவுடன் மாடசாமி இந்தப் பூட்டைத் திறந்து சைரனை ஒலிக்க வேண்டும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.’ கீழே கையெழுத்து.

பழக்கத்தில் தாளை மூக்கருகே கொண்டுபோனேன். நல்ல வாசனை அடித்தது. அப்படியே கிழித்துக் கொடுத்தேன்.